20 வருட அனுபவம்... ஆனாலும் எர்ரர் மேல எர்ரர்!

சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 44. சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் 20 வருட அனுபவம். கொரோனா காலத்தில் ஊருக்கு வந்தவர், அப்படியே வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறார். இந்த வருடம் கம்பெனியில், 'இனிமேல் புதிதாக எழுதுவதெல்லாம் ரஸ்ட் மொழியில்தான்' என்று சொல்லிவிட்டார்களாம்.

'ஒரு மாசமா உட்கார்ந்து படிக்கிறேன் சார். சி பிளஸ் பிளஸ்ல அரை மணி நேரத்துல எழுதுறதை இதுல எழுத மூணு நாள் ஆகுது. எழுதி முடிச்சா பத்து எர்ரர். ஒண்ணைச் சரி பண்ணினா ரெண்டு வருது. டீம்ல இருக்கிற 24 வயசுப் பொண்ணு ரெண்டே வாரத்துல பழகிடுச்சு. எனக்குத்தான் மண்டையில ஏறலை. வீட்டு லோன் இன்னும் 9 வருஷம் இருக்கு. இந்த வயசுல இது எனக்குத் தேவையா, இல்லை வேற வழி பார்க்கணுமா?' என்று கேட்கிறார்.

மெயிலின் கடைசியில் இன்னும் நாலு வரி. 'எங்க அப்பா பட்டாசு ஆலையில மருந்து ரூம்ல 30 வருஷம் வேலை பார்த்தவர். நான் புலம்புறதைக் கேட்டுட்டு, "ஏம்ப்பா, அந்த மெஷின் உன்னை நம்ப மாட்டேங்குதா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.'

இந்த வாரம் அந்த அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மகனுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் எழுதத் தெரியாதவர்களும் தாராளமாகத் தொடரலாம். வழியில் கல்யாணப் பந்தி, தீப்பெட்டி, காலண்டர் எல்லாம் வரும்.

21 மாடி ஏறிய கோபம்

2006-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கிரேடன் ஹோர் என்ற 29 வயது புரோகிராமர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் ஓடவில்லை. அதன் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது, அதுவும் முதல் முறையாக இல்லை. அவர் வீடு 21-வது மாடியில். ஏறிக்கொண்டே யோசித்தவருக்கு, ஒரு லிஃப்ட்டைக்கூட ஒழுங்காக ஓடவைக்க முடியாத தொழிலா நம்முடையது என்று ஆத்திரம். மேலே போய் லேப்டாப்பைத் திறந்து ஒரு புதிய மொழியை வரைய ஆரம்பித்தார். அதுதான் ரஸ்ட்.

ரஸ்ட் என்றதும் இரும்புத் துரு ஞாபகம் வரும். அவர் நினைத்தது பயிரில் வரும் துரு நோய்க் காளானை. நம் மாவட்டத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். எத்தனை முறை மருந்தடித்தாலும் பிழைத்து வரும் ஜீவன். ஒரு மொழிக்கு அந்தப் பெயர் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்!

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொஸில்லா, 2009-ல் இந்த முயற்சியைக் கையில் எடுத்தது. 2015 மே 15-ம் தேதி முதல் நிலையான பதிப்பு வந்தது. இன்று ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும், விண்டோஸுக்குள்ளும், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளும் ரஸ்ட் நுழைந்துவிட்டது. இந்தப் பத்தியை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கையிலும் கொஞ்சம் ரஸ்ட் இருக்கிறது.

லாட்ஜ் சாவி கதை

கம்ப்யூட்டர் மெமரியை ஒரு பெரிய லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக எண் போட்ட கோடிக்கணக்கான ரூம்கள். ஒவ்வொரு புரோகிராமும் ரூம் கேட்டு வாங்கி, தன் சாமான்களை வைத்து, வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் இந்தச் சாவி வரவு செலவு பெரும்பாலும் எழுதுபவரின் பொறுப்பு. வேகம் அதிகம், கட்டுப்பாடு முழுக்க நம் கையில். ஆபத்தும் அதேதான். ரூமைக் காலி செய்த பிறகும் ஒரு டூப்ளிகேட் சாவி பாக்கெட்டில் கிடக்கும். அதற்குள் அங்கே வேறு குடும்பம் வந்துவிட்டிருக்கும். அல்லது 20 ரூம் எடுத்துவிட்டு 21-வது ரூம் கதவைத் திறந்துவிடுவோம்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. 2024 ஜூலை 19-ம் தேதி நினைவிருக்கிறதா? உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படம்கூட வாட்ஸ்அப்பில் சுற்றியது. காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட். அதன் புரோகிராமிடம் இருந்தது 20 தகவல்கள். புதிய கோப்பு 21-வதைப் பார்க்கச் சொன்னது. இல்லாத ரூமின் கதவைத் திறந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஜாவா, பைத்தான் மொழிகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. ஒரு ரூம் பாய் அவ்வப்போது சுற்றிவந்து, யாரும் இல்லாத ரூம்களைப் பார்த்துக் காலி செய்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் சுற்றிவர நேரமும் இடமும் வேண்டும். எப்போது வருவார் என்றும் சொல்ல முடியாது. காரின் பிரேக், போனின் மையப் பகுதி மாதிரி இடங்களில் 'கொஞ்சம் இருங்க, கூட்டிட்டு வர்றேன்' என்று சொல்ல முடியாதே. அதனால் அங்கெல்லாம் பல ஆண்டுகளாக சி குடும்பம்தான் ராஜாங்கம்.

அந்த ராஜாங்கத்தின் கணக்கையும் பார்க்கலாம். தாங்கள் வருடந்தோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் இந்த மெமரி வகைத் தவறுகளால் வந்தவை என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் சொன்னார்கள். அதை எழுதியவர்கள் நேற்று வந்த பிள்ளைகள் இல்லை. உலகத்தின் பெரிய சம்பளம் வாங்கும் பழகிய கைகள். அவர்களிடமும் 'கவனமா எழுதுங்க' என்று பல வருடங்களாகச் சொல்லித்தான் பார்த்தார்கள்.

பந்தியில் மாமாவுக்கு இடம்

வாசகரின் பத்து எர்ரரில் ஒன்று நிச்சயம் இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் முதல் உறுப்பை ஒரு கையால் சுட்டிக்காட்டி வைத்துக்கொண்டே, பட்டியலின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறோம். சி பிளஸ் பிளஸ் வாயைத் திறக்காது. ரஸ்ட் 'ஈ0502' என்று ஒரு எண்ணைப் போட்டு மறித்துவிடும்.

இதில் என்ன தப்பு? கல்யாண வீட்டுப் பந்தியில் இடது வரிசை முதல் இலையை மாமாவுக்குப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். கூட்டம் கூடிவிட்டது. 'இந்த ஹால் பத்தாது, எல்லாரும் மாடி ஹாலுக்கு வாங்க' என்று பந்தியையே மாற்றிவிடுகிறார்கள். உங்களுக்குத் தகவல் இல்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு பழைய ஹாலுக்குப் போகிறீர்கள். அங்கே இலையும் இல்லை, சோறும் இல்லை, தரையைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இடம் போதாதபோது கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது. மொத்தப் பட்டியலையும் பெரிய இடத்துக்கு மாற்றிவிடும். நாம் சுட்டிய விரல் மட்டும் பழைய இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், 99 முறை ஹால் போதும். டெஸ்ட்டில் ஓடும், மேனேஜர் முன்னால் ஓடும். கூட்டம் கூடுகிற தீபாவளி ஆஃபர் அன்று ராத்திரி 11 மணிக்குப் படுத்துக்கொள்ளும்.

ரஸ்ட் இதற்கு வைத்திருக்கும் விதிகள் நம்மூர் வழக்கத்துக்குப் புதியவை இல்லை. முதல் விதி, பட்டா. ஒரு பொருளுக்கு ஒரே நேரத்தில் ஒரே சொந்தக்காரர். கிரயம் செய்து கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த நிலத்தில் விதைக்க முடியாது. விதைக்கப் போனால் 'ஈ0382' என்று எர்ரர் வரும். சொந்தக்காரரின் வேலை முடிந்ததும் இடம் தானாகக் காலியாகும். அதனால் ரூம் பாய் தேவையில்லை.

இரண்டாவது விதி, இரவல். இதைச் சிவகாசி அச்சகத்தில் பார்க்கலாம். காலண்டருக்கான விடுமுறைப் பட்டியல் புரூஃப் ஒன்று மேஜையில் இருக்கிறது. எத்தனை பேர் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், பிரச்னையில்லை. ஒருவர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டால் கதை வேறு. அவர் திருத்தி முடிக்கும்வரை வேறு யாரும் அதைப் பார்த்து எழுதவும் கூடாது, இன்னொருவர் இன்னொரு பேனாவோடு வரவும் கூடாது. படிப்பவர்கள் பலர், அல்லது திருத்துபவர் ஒருவர். இரண்டும் ஒரே சமயத்தில் கிடையாது. ரஸ்ட் படிக்கிறவர்களை அழவைக்கும் 'பாரோ செக்கர்' என்ற பகுதி சரிபார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இரவல் போன பொருள், சொந்தக்காரரைவிட அதிக நாள் வெளியே இருந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்.

அது எப்போது சரிபார்க்கிறது என்பதுதான் முக்கியம். புரோகிராம் ஓடுவதற்கு முன்னாலேயே, கம்பைல் செய்யும்போதே. பிளேட் போடுவதற்கு முன் புரூஃபில் பிழை கண்டால் ஒரு பேனாக் கோட்டில் தீரும். ஒரு லட்சம் காலண்டர் அடித்து, தகரம் வைத்து, லாரியில் ஏற்றிய பிறகு பொங்கல் தேதி தப்பு என்று தெரிந்தால்? அச்சகக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள், முகமே மாறிவிடும்.

தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ரகசியம்

'நான் கவனமாத்தானே எழுதுறேன், எதுக்கு இத்தனை கெடுபிடி?' என்று அனுபவசாலிக்குத் தோன்றுவது இயல்பு. அவருக்காக ஒரு தீப்பெட்டிக் கதை.

19-ம் நூற்றாண்டின் தீக்குச்சி எங்கே உரசினாலும் பற்றும். முனையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. பாக்கெட்டில் பற்றிக்கொள்ளும். அதைச் செய்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1844-ல் சுவீடனின் குஸ்டாஃப் எரிக் பாஷ் ஒரு காரியம் செய்தார். தீப்பற்றத் தேவையான பொருள்களைப் பிரித்தார். இன்றைய குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. நாமாகக் கொண்டுபோய் உரசினால்தான் இரண்டும் சந்திக்கும். இந்தியாவிலும் 1913-ல் சட்டம் போட்டு வெள்ளை பாஸ்பரஸ் தீப்பெட்டியைத் தடை செய்தார்கள். தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக நடக்கிறோம் என்றால், நாம் முன்னோரைவிடக் கவனசாலிகள் ஆகிவிட்டோம் என்று அர்த்தமில்லை. சேரக் கூடாத இரண்டைச் சேராதபடி பெட்டியிலேயே பிரித்துவைத்திருக்கிறார்கள்.

பட்டாசுக்கும் இதே மாதிரி ஒரு தடை உண்டு. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்தால் லேசான உராய்வே போதும், பற்றிக்கொள்ளும். 1992 ஜனவரியில் மத்திய அரசு இந்தக் கலவையைத் தடை செய்தது. தீக்குச்சி முனை, பொம்மைத் துப்பாக்கிக்கான பொட்டு வெடி போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 30 வருடம் கலந்து பழகியவருக்கு என்று தனி விலக்கு எதுவும் அதில் இல்லை.

வாசகரின் அப்பாவுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. மருந்து கலக்கும் அறைக்குப் புது ஆளை அனுப்ப மாட்டார்கள். விரலால் தொட்டே கலவையின் பதம் சொல்லும் ஆள்தான் அங்கே இருப்பார். அப்படிப்பட்டவரும் பருத்தி உடைதான் போட வேண்டும். இரும்புக் கருவி கூடாது. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இந்த விதிகள் யாருடைய திறமையையும் சந்தேகப்பட்டு எழுதப்பட்டவை இல்லை. என்றோ ஒருநாள் ஒரு கை நழுவும். அன்றைக்கு அது பக்கத்து அறைக்குப் போகக் கூடாது. அதற்காக எழுதப்பட்டவை.

ஆக, ஐயா, அந்த மெஷின் உங்கள் மகனை நம்பவில்லைதான். 24 வயதுப் பெண்ணையும் நம்பவில்லை. ரஸ்ட்டைக் கண்டுபிடித்தவரே வந்து எழுதினாலும் அதே எர்ரரைத்தான் போடும்.

விதி இருந்தும்...

இதோடு ஒப்பீட்டை நிறுத்தினால் அது அரைகுறை. சாஃப்ட்வேர் எர்ரரையும் மனித உயிரையும் ஒரே பக்கத்தில் எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் போனார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு உதவ ஓடிய, பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அந்த ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகையாக விடப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை நடத்துவது வேறு சிலர். எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை பேர் என்ற மொத்தக் கணக்கு ஒரே இடத்தில் இருக்காது. விதிப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. காலையில் வேலை தொடங்கும் முன், 'இன்னைக்கு இது நடக்காது' என்று கதவை மறிக்க ஆள் இல்லை. ஆய்வு எப்போதாவது வரும், அல்லது எல்லாம் முடிந்த பிறகு வரும்.

சி பிளஸ் பிளஸ்ஸிலும் நல்ல விதிகள் புத்தகம் புத்தகமாக இருக்கின்றன. சொந்தக்காரர் யார் என்று குறிக்கும் வசதிகள்கூட 2011-லிருந்து உண்டு. பின்பற்றுவது அவரவர் விருப்பம். ரஸ்ட் கொண்டுவந்த மாற்றம் விதிகளைவிட அந்தக் கதவில்தான். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருவரையும், வேலை தொடங்கும் முன் மறிக்கும். அதை 'கவனிக்க' முடியாது என்பது இன்னொரு வசதி.

ஒரு சாவி மட்டும் உண்டு. அன்சேஃப் என்று எழுதி ஓர் அடைப்புக்குறி போட்டால், அதற்குள் மெமரியை நேரடியாகத் தொடும் சில வேலைகளைச் செய்ய அனுமதி கிடைக்கும். வன்பொருளோடு நேரடியாகப் பேச அது தேவை. ஆனால் போர்டு மாட்டித்தான் உள்ளே போக முடியும். விபத்து என்றால் தேட வேண்டிய இடம் ஆயிரம் பக்கத்தில் பத்துப் பக்கமாகச் சுருங்கும். உள்குத்தகைக்கு நேர் எதிரான ஏற்பாடு.

ரஸ்ட்டை மந்திரத் தாயத்து என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2025 நவம்பர் 18-ம் தேதி கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை முடங்கி, எக்ஸ் தளம், சாட்ஜிபிடி எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. முடங்கிய அந்தப் பகுதி எழுதப்பட்டிருந்தது ரஸ்ட்டில்தான். 200-க்குமேல் வராது என்று நினைத்த பட்டியல் பெரிதாகி வந்தது. 'தப்பு வந்தால் என்ன செய்வது?' என்று மொழி கேட்ட இடத்தில், 'வராது, போ' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தார்கள். வந்தது. புரோகிராம் நின்றது. அடுத்த ரூமுக்குள் புகுந்து எதையும் கலைக்காமல் நின்றது என்பது மட்டுமே ஆறுதல். கிரவுட்ஸ்ட்ரைக் கதையும் ரஸ்ட்டில் எழுதியிருந்தால் நடந்தே இருக்காது என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 21-வது கதவை அது திறந்திருக்காது. ஆனால் அங்கே நின்று என்ன செய்வது என்பதை மனிதர்தான் யோசித்து எழுதியிருக்க வேண்டும்.

24 வயசுக்கு ஏறுவது 44-க்கு ஏன் ஏறவில்லை?

மூளை மழுங்கியதால் இல்லை. 20 வருடம் சி பிளஸ் பிளஸ் எழுதியவர் தலைக்குள் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. 'இந்தச் சாவியை இவர் வைத்திருந்தாலும் பரவாயில்லை, அவர் அதற்குள் கிளம்பிவிடுவார்' என்று அவருக்குத் தெரியும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ரஸ்ட் கேட்பது, 'உங்களுக்குத் தெரிந்ததை எனக்கும் எழுதிக் காட்டுங்கள்' என்பதை. தலைக்குள் இருப்பதைக் காகிதத்தில் கொண்டுவருவது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். அந்தப் பெண்ணுக்குத் தலைக்குள் பழைய வரைபடம் இல்லை. அதனால் சொன்னதை அப்படியே எழுதிவிட்டுப் போகிறார். அவருக்கும் கஷ்டம் வரும், வேறு இடத்தில்.

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கூகுள் தன் ஊழியர்களிடம் விசாரித்து 2023-ல் வெளியிட்ட தகவல்படி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் இரண்டு மாதத்துக்குள் ரஸ்ட்டில் தைரியமாக வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாசகருக்கு இப்போது ஒரு மாதம்தான் ஆகிறது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்திருக்கிறது. அதற்குள் வீட்டு லோன் வரை யோசனை போக வேண்டாம்.

படிக்கும் முறையில் சில யோசனைகள். அனுபவசாலிகள் புது மொழி கற்றால் முதலில் 'லிங்க்டு லிஸ்ட்' எழுதிப் பார்ப்பார்கள். மற்ற மொழிகளில் அது அரிச்சுவடி. ரஸ்ட்டில், குறிப்பாக இருபக்கமும் சங்கிலி போட்ட வகை, பட்டா விதியோடு நேராக மோதும் முதுகலைப் பாடம். அதைத் தொடவே வேண்டாம். ஒரு லாக் கோப்பைப் படித்து எண்ணிக்கை சொல்லும் சின்ன புரோகிராம் எழுதுங்கள். கட்டளை வரியில் ஓடும் சாதாரண கருவி போதும்.

இரவல் வாங்கத் தெரியவில்லையா, தயங்காமல் நகல் எடுங்கள். அதற்கு 'குளோன்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சி பிளஸ் பிளஸ்காரர்களுக்கு நகல் எடுப்பது கௌரவக் குறைச்சல். வேகம் போய்விடும் என்று கைநடுங்கும். முதல் மாதத்தில் வேகத்தை யாரும் கேட்கப்போவதில்லை. ஓடவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நகலாக இரவலாக மாற்றுங்கள். அப்போது பாடம் தானாகப் புரியும்.

எர்ரரைப் பாதியில் மூடாதீர்கள். சி பிளஸ் பிளஸ் எர்ரர் முழம் முழமாக வரும், படித்துப் பிரயோஜனம் இல்லை என்பதால் நாம் அதை ஒதுக்கப் பழகியிருக்கிறோம். ரஸ்ட் எர்ரர், எங்கே இரவல் போனது, எங்கே மோதியது, எப்படித் திருத்தலாம் என்று கோடு போட்டுக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் உதாரணத்தோடு சொல்லும். ஈ0382, ஈ0499, ஈ0502 மூன்றையும் புரிந்துகொண்டால் வாசகரின் பத்தில் பாதி தீர்ந்துவிடும். புத்தகத்துக்குச் செலவில்லை. ரஸ்ட் குழுவினரின் பாடநூல் இணையத்தில் இலவசம். 'ரஸ்ட்லிங்ஸ்' என்ற பயிற்சித் தொகுப்பும் அப்படியே. சந்தேகம் என்றால் அந்த 24 வயதுப் பெண்ணிடம் கேட்பதிலும் ஒன்றும் குறைந்துவிடாது. சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போனது முதலாளிகளாக இல்லை, தொழில் கற்கும் மாணவர்களாக.

கடைசியாக, பலரும் பயப்படும் விஷயம். 'அப்போ 20 வருஷமா நான் எழுதினதெல்லாம் குப்பையா?' ஆண்ட்ராய்டு அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. 2019-ல் அதன் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவிகிதம் மெமரி வகை. 2024-ல் அது 24 சதவிகிதமாக இறங்கியது. இதற்காகப் பழையதை இடித்துக் கட்டவில்லை. புதிதாக எழுதுவதைப் படிப்படியாக ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றினார்கள். ஓட்டைகள் பெரும்பாலும் புதுச் சுவரில்தான் வருகின்றன, வருடக்கணக்கில் அடிபட்டுத் திருந்திய பழைய கோடில் அவை குறைந்துகொண்டே போகின்றன என்பதுதான் அவர்கள் கண்டது. வாசகரின் கம்பெனி சொன்னதும் 'புதிதாக எழுதுவது' என்பதைத்தான், மெயிலைத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

அப்படியானால் பழைய சி பிளஸ் பிளஸ் இன்னும் பல வருடம் ஓடும். புதிய ரஸ்ட் அதன் பக்கத்தில் வந்து உட்காரும். இரண்டும் ஒன்றுக்கொன்று சாமான் கைமாற்றும் இடம் ஒன்று இருக்கும். அங்கே யார் பட்டாதாரர், யார் இரவல்காரர் என்பதை எந்தக் கம்பைலரும் முழுக்கச் சரிபார்த்துத் தராது. அந்த இடத்தை எழுத இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் டீமில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த மெயில் போடுங்கள் சார்.